ஆடிக்கு முன்னால் ஒரு பின்சீட்டு

ஆடி பிறக்க ஆறு நாள் இருக்கும்போது ராஜவேலு தன் புதுப்பெண்டாட்டியைக் கனகம்மாசத்திரம் பஸ் ஸ்டாப்பில் கீழே போட்டான். போட்டது போதாதென்று சிரித்தும் வைத்தான். விழுந்ததைக் கோமளவல்லி எழுந்து புடவையைத் தட்டிக்கொள்வதற்குள் மறந்துவிட்டாள். அவன் சிரித்ததை மறக்கவில்லை.

ராஜவேலு ஒன்றும் மோசமான ஆள் இல்லை. அவசரக்காரன், அவ்வளவுதான். யுத்த காலத்தில் நாலு வருஷம் ராணுவ லாரிப் பட்டறையில் பிட்டர் வேலை பார்த்துவிட்டு, நாற்பத்தாறாம் வருஷம் தொடக்கத்தில் திருத்தணிக்குத் திரும்பி வந்தவன். சுற்று வட்டாரத்தில் எந்தக் கிணற்றில் ஆயில் எஞ்சின் நின்றுபோனாலும் அவனைத் தேடித்தான் ஆள் வரும். தான் வந்த பிறகுதான் திருவாலங்காட்டுக்காரர்கள் கரும்புக்கு ஒழுங்காகத் தண்ணீர் பாய்ச்சினார்கள் என்று வெட்கமில்லாமல் சொல்லிக்கொள்வான். பட்டாளம் வேண்டாமென்று ஏலத்தில் தள்ளிவிட்ட ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதன் பச்சைப் பெயிண்ட்டைக்கூட மாற்றாமல் ஓட்டினான். நாலாவது உதையில்தான் அது கிளம்பும். முதல் மூன்று உதையும் தெருச்சனம் வெளியே வந்து பார்ப்பதற்காக என்று பேச்சு.

பட்டாளத்து வண்டியில் ஓட்டுகிறவனுக்கு மட்டும்தான் சீட்டு. கல்யாணம் நிச்சயமானதும் ராஜவேலு பட்டணம் போய், பின்னால் மாட்டுகிற தனிச்சீட்டு ஒன்று வாங்கி வந்தான். சிவப்பு ரெக்ஸின், ஓரத்தில் வெள்ளைப் பட்டை, பித்தளை ஆணி. கடைக்காரர் அவனை 'சார்' என்று கூப்பிட்டதில் பாதி மயங்கி, அடியில் இருந்த தகடு எவ்வளவு மெல்லிசு என்று தட்டிக்கூடப் பார்க்கவில்லை. எஞ்சின் பிரித்துப் போடுகிற மனுஷன் இப்படி ஏமாந்தான் என்றால் யார் நம்புவார்கள்?

கோமளவல்லி அவன் அத்தை கௌரியம்மாளின் மகள். நல்ல உயரம், நல்ல வாட்டசாட்டம். அவள் சிரித்தால் பக்கத்துத் தெருவிலிருந்து என்ன விசேஷம் என்று கேட்டு அனுப்புவார்கள். கல்யாணமாகிப் பதினோராம் நாள், கனகம்மாசத்திரத்தை ஒட்டிய அத்தை வீட்டு விருந்துக்கு இரண்டு பேரும் வண்டியில் போனார்கள். கனகம்மாசத்திரம் வந்ததும், திருப்பதி பஸ் நிற்கிறது, ஜனம் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறது, நம் வண்டியையும் நாலு பேர் பார்க்கட்டுமே என்று ராஜவேலு பள்ளத்தில் இறக்கி ஓரங்கட்டினான். டப் என்று ஒரு சத்தம். தகடு கிழிந்தது, ஸ்பிரிங் ஒன்று காப்பிக்கடைக்குள் பறந்தது, கோமளவல்லி மல்லிகைப்பூ கலையாமல் ரோட்டில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அப்போது பஸ் ஜன்னலிலிருந்து எவனோ, "இந்தப் பொண்ணு கனத்துக்கு லாரி இல்ல வோணும்" என்றான். பஸ் முழுக்கச் சிரித்தது. ராஜவேலுவும் சேர்ந்து சிரித்தான். கோமளவல்லி தன் சிரிப்பை அங்கேயே நிறுத்திக்கொண்டாள்.

விருந்து நடந்தது. வடையை இலையில் வைத்த கையோடு அவள் சொன்னாள். "நீயும் சிரிச்ச பாவா."

"சும்மா சிரிச்சேன் கோமளா. எல்லாரும் சிரிச்சாங்க."

"அவங்க எனக்கு தாலி கட்டல. நான் பஸ்ல வரமாட்டேன், ஜட்காவுல வரமாட்டேன். அதே சீட்ட சரி பண்ணி எடுத்துகினு வா. அதே பஸ் ஸ்டாப்புல நிறுத்து. பஸ் நிக்கறப்போ நான் அதுமேல உக்காந்துகினு இருக்கணும். அப்புறம் திருத்தணி வரேன்."

இதில் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. ஆடியில் புதுப்பெண் அம்மா வீட்டில்தான் இருக்கவேண்டும். ஆனால் ராஜவேலுவின் அம்மா மணியம்மை மலையடிவாரத்தில் பூ கட்டுகிறவள். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் வருகிற சமயத்தில் பத்துக் கை இருந்தாலும் போதாது. அதனால் இந்த ஒரு வருஷம் மருமகள் திருத்தணியிலேயே இருக்கட்டும் என்று கெஞ்சிக் கூத்தாடி கௌரியம்மாளைச் சம்மதிக்க வைத்திருந்தார்கள். இப்போது அந்தச் சம்மதத்தில் கௌரியம்மாள் ஒரு முடிச்சுப் போட்டாள்.

"இத பாருடா. ஆடி பொறக்கறப்போ அவ உங்க வீட்ல அடுப்பு பத்த வெச்சிருந்தா அங்கியே இருக்கட்டும். என் வீட்ல இருந்தான்னா மாசம் முழுக்க வாசப்படி தாண்ட வுடமாட்டேன். பஞ்சாங்கத்துல பாத்துட்டேன். சனிக்கெழம சாயங்காலம் அஞ்சரைக்கு பொறக்குது."

ஆக, ராஜவேலுவுக்கு ஆறு நாள். தவறினால் ஒரு மாசம். கல்யாணமாகிப் பதினோரு நாளே ஆனவனுக்கு ஒரு மாசம் என்றால் எவ்வளவு நீளம் என்பதை அனுபவப்பட்டவர்கள் தெரிந்துகொள்வார்கள். உடைந்த சீட்டைக் கேரியரில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு அவன் திரும்பினான். வழி முழுக்கத் தன்னைத்தானே திட்டிக்கொண்டு வந்தான்.

முதல் நாள் அவனே பார்த்தான். கிழிந்த இடத்தில் இன்னொரு தகட்டை வைத்து ரிவிட் அடித்து, மணல் மூட்டையை ஏற்றி, பெரிய தெருவில் ஓட்டினான். இரண்டாவது மேட்டில் புதுத் தகடும் கிழிந்தது. தெருவில் கொட்டிய மணலை அள்ளச் சொல்லி நாலு வீட்டுக்காரர்கள் வாசலில் நின்றார்கள். அள்ளிக் கொட்டிவிட்டு நேரே ஸ்டேஷனுக்கு எலியாசிடம் போனான்.

எலியாஸ் ஸ்டேஷன் வாசலில் ஜட்கா நிற்கிற இடத்தில் குதிரைச் சேணமும் வண்டி மெத்தையும் தைக்கிறவர். ஐம்பது வயசு. கோணூசியைப் பல்லில் கடித்துக்கொண்டே பேசுவார், அதனால் பாதிப் பேச்சு உள்ளேயே போய்விடும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டுப் பாடும்போது மட்டும் வாய் முழுக்கத் திறக்கும். அவர் சீட்டைக் கவிழ்த்துப் போட்டார். கட்டைவிரலால் அடிப்பக்கம் முழுக்கத் தடவினார்.

"இந்த ரெண்டு ஓட்ட யார் போட்டது?"

"எந்த ஓட்ட?"

"கடக்காரன் போட்டது நாலு. வாய் மழமழன்னு இருக்குது. இந்த ரெண்டையும் எவனோ அவசரத்துல போட்டிருக்கான். பிசிறுகூட ராவல. வாஷரும் கிடையாது. கிழிசல் இங்கருந்துதான் ஓடிருக்குது பாரு."

ராஜவேலு எதிரே நின்ற குதிரையைப் பார்த்தான். கடை ஓட்டைகள் வண்டிக் கேரியரோடு பொருந்தவில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள், வாசலில் மேளக்காரர்கள் வந்து இறங்கிக்கொண்டிருக்கும்போது, இரண்டு ஓட்டையை அவன்தான் அவசரமாகப் போட்டான்.

"அப்போ அவ கனத்தால இல்லியா அண்ணே?"

எலியாஸ் ஊசியை வாயிலிருந்து எடுத்தார். "அந்தப் பொண்ண ஏன் இழுக்கற? கொழந்த உக்காந்திருந்தாலும் கிழிஞ்சிருக்கும். நாலு நாள் பின்னாடி கிழிஞ்சிருக்கும், அவ்ளோதான்."

ராஜவேலுவுக்குக் காது சூடானது. ராணுவப் பட்டறையில் இந்த வேலைக்காக மற்றவர்களைத் திட்டியவன் அவன். தன் ஓட்டையால் விழுந்த பெண்டாட்டியைப் பார்த்துத் தானே சிரித்ததை நினைத்தபோது அங்கேயே குதிரைச் சாணியில் முகத்தை வைத்துக்கொள்ளலாமா என்றிருந்தது.

எலியாஸ் வேலையைப் பிரித்துச் சொன்னார். தகடு ஆளைச் சுமக்கவே கூடாது, அது மூடி மாதிரி சும்மா இருக்கட்டும். உடைந்த வண்டிச் சக்கரத்துப் பட்டையை அறுத்து, தகட்டுக்கு அடியில் இரும்புச் சட்டம் ஒன்று போட்டு, போல்ட்டு எல்லாம் அந்தச் சட்டத்தில்தான் இறங்கவேண்டும். சட்டத்தின் ஓரத்துக்கு ஓரம் குறுக்கும் நெடுக்கும் தோல் வாரை இழுத்துக் கட்டவேண்டும். உட்காருகிறவர் கனம் வாரில் இறங்கும், வார் கொஞ்சம் இளகிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வரும். உள்ளே திணித்திருக்கிற தேங்காய் நாரைத் தூக்கி எறிந்துவிட வேண்டும்.

"நார் ஒரு தரம் அமுங்கிச்சுன்னா எழுந்துக்காது. குதிர முடி கொண்டா. ரெண்டு வீசை."

"ரெண்டு வீசையா? திருத்தணியில ஆறு குதிரதான் இருக்குது."

"அது உன் பாடு. சனிக்கெழம வோணும்னா நாளைக்குள்ள கொண்டாந்துடு."

மறுநாள் செவ்வாய். ராஜவேலு கத்தரியும் கையுமாக ஜட்கா வரிசைக்குப் போனான். முதல் குதிரையின் வாலில் ஒரு கைப்பிடிதான் வெட்டியிருப்பான். வண்டிக்கார முனியன் சாட்டையோடு வந்துவிட்டான்.

"டேய், இன்னாடா பண்ற? அதுக்கு வால் எதுக்கு குடுத்திருக்கான், ஈ ஓட்டத்தான. நீ வந்து ஓட்டுவியா?"

"கொஞ்சூண்டு முனியா. என் பொண்டாட்டி விஷயம்."

"உன் பொண்டாட்டிக்கு சவுரி வெக்க என் குதிரதான் கெடச்சுதா?"

மற்ற ஐந்து குதிரைக்காரர்களும் தங்கள் குதிரைகளின் பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்திக்கொண்டார்கள். ஒரு கைப்பிடி முடியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ராஜவேலு கால் போன போக்கில் நடந்தான். கால் குளக்கரைக்குப் போனது. அங்கே மலையேறப் போகிறவர்களுக்கு வரிசையாக மொட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் வேடியப்பன், ராஜவேலுவோடு மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். அவன் பக்கத்தில் முடி மலையாகக் குவிந்து கிடந்தது.

ராஜவேலு நின்றான். பார்த்தான். திருத்தணியில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது இத்தனை நேரம் தோன்றாமல் போனதுதான் ஆச்சரியம்.

"இது எல்லாம் எங்க போவுது?" என்று கேட்டான்.

"நீட்டு முடியெல்லாம் எடுத்துகினு போயிடுவாங்க. மிச்சம் கெடக்கறது சில்லற முடி. அத எரிக்கறதுதான்" என்றான் வேடியப்பன். "ஏன், உனக்கு வோணுமா? சாக்கு இருந்தா வாரிகினு போ."

வாரிக்கொண்டு போனான். எலியாஸ் சாக்கின் வாயைத் திறந்து மூக்கை நுழைத்தார். நிமிர்ந்து ராஜவேலுவை ஏற இறங்கப் பார்த்தார்.

"குதிரைக்கு சீயக்கா தேச்சு குளிப்பாட்டுறாங்களா உங்க ஊர்ல?"

ராஜவேலு உண்மையைச் சொன்னான். எலியாஸ் ஒரு கொத்தை எடுத்து விரலில் சுற்றிப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் இல்ல நைனா. முடி முடிதான். ஆனா உங்க அத்த கிருத்திகைக்கு கிருத்திகை செருப்பு போடாம மல ஏறுற ஆளு. அவங்க கேட்டா இன்னா சொல்லுவ?"

"கேக்கமாட்டாங்க அண்ணே."

"ஆங், கேக்கவே மாட்டாங்க" என்று எலியாஸ் வேலையை ஆரம்பித்தார்.

அந்த நாலு நாளும் ராஜவேலுவுக்குத் திருவிழாவாகப் போயிற்று. முடியைக் கயிறாக முறுக்கினார்கள், அண்டாவில் போட்டுக் கொதிக்க வைத்தார்கள், எலியாஸ் வீட்டு ஓட்டின்மேல் காயப்போட்டார்கள். காய்ந்ததும் முறுக்கைப் பிரித்தால் ஒவ்வொரு முடியும் சுருண்டு சுருண்டு நின்றது. உள்ளங்கையால் அமுக்கினால் அமுங்கியது, கையை எடுத்தால் எழுந்து வந்தது. ராஜவேலு அமுக்கி எடுத்தான், மறுபடி அமுக்கினான், போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு அமுக்கச் சொன்னான். சட்டத்துக்கு ஓட்டை போடும்போது மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அளந்து, பிசிறு ராவி, இரண்டு பக்கமும் வாஷர் வைத்து முடுக்கினான். எலியாஸ் மெழுகு தடவிய நூலால் வாரைத் தைத்து, மேலே சாக்குத்துணி போட்டு, முடியைத் திணித்து, பழைய சிவப்பு ரெக்ஸினையே இழுத்து மூடினார்.

சனிக்கிழமை மத்தியானம் சீட்டு வண்டியில் ஏறியது. சோதனைக்கு முதலில் எலியாஸ் உட்கார்ந்தார். ரயில்வே கேட் வரை போய் வந்ததும் அவர் இறங்கவில்லை. முனியனையும் மடியில் ஏற்றிக்கொண்டு இன்னொரு தரம் போகச் சொன்னார். போகும்போது வாயைப் பெரிதாகத் திறந்து ஞாயிற்றுக்கிழமைப் பாட்டைப் பாடினார். சீட்டு கிறீச் என்றுகூடச் சொல்லவில்லை.

மூன்றரைக்கு ராஜவேலு அத்தை வீட்டு வாசலில் நின்றான். கோமளவல்லி தலைவாரிப் பூ வைத்து மூட்டை கட்டித் தயாராகத்தான் இருந்தாள், ஆனால் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. கௌரியம்மாள் முந்தானையைத் தலைமேல் போட்டுக்கொண்டு வந்து சீட்டைக் குத்திப் பார்த்தாள், அமுக்கிப் பார்த்தாள். கடைசியில் குனிந்து மோந்து பார்த்தாள்.

"இன்னாடா இது, சீயக்கா வாசன வருது?"

ராஜவேலுவின் வாயில் 'குதிர' என்ற வார்த்தை பாதி வந்துவிட்டது. கோமளவல்லி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தரம் இவளிடம் மாட்டிக்கொள்ள அவனால் முடியாது.

"மலைக்கு மொட்ட போட்ட முடி அத்த. வேடியப்பன் எரிக்கறதுக்கு வெச்சிருந்தான். வாங்கியாந்து உள்ள வெச்சு தெச்சுட்டோம்."

"எப்போ வாங்கினே?"

"செவ்வாக்கெழம மத்தியானம்."

கௌரியம்மாள் தலைமேல் இருந்த முந்தானையை எடுத்தாள். பளபளவென்று மொட்டை, அதன்மேல் காய்ந்த சந்தனம். "செவ்வாக்கெழம காலையில நானு போட்டுகினு வந்தேன். வேடியப்பன் கையாலதான். ஒரு சாண் முடிதான், சில்லற முடியோட தள்ளிட்டான். இவளுக்கு நல்லபடியா கல்யாணம் நடந்தா முடி எறக்கறேன்னு வேண்டிகினு இருந்தேன்."

மூன்று பேரும் சீட்டைப் பார்த்தார்கள். கோமளவல்லி வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது. ராஜவேலுவுக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. சிரித்தால் ஒரு மாசம் போச்சு என்று பல்லைக் கடித்துக்கொண்டு கூரையில் உட்கார்ந்திருந்த காக்காயைப் பார்த்தான்.

"ஏன்டா படுபாவி, சாமிக்கு குடுத்த முடிமேலயா என் பொண்ண உக்கார வெக்கற?" என்று கௌரியம்மாள் ஆரம்பித்தாள். அதற்குமேல் திட்டுவதற்கு வாயைத் திறந்தவள், சீட்டின்மேல் வைத்த கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். கை அமுங்கியது, எழுந்தது. "அவ நல்லா இருக்கணும்னுதான் குடுத்தேன்" என்றாள், குரல் இறங்கி. "எனக்கென்ன தெரியும் அவன் அத எங்க கொண்டுபோயி வெப்பான்னு. போவட்டும். என் பொண்ணு கீழ வுழாம தாங்கட்டும்."

கோமளவல்லி அம்மாவின் மொட்டைத் தலையில் முத்தம் வைத்தாள். ராஜவேலு கண்ணைத் துடைத்துக்கொண்டான். அத்தை அதற்குள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சீட்டில் ஏறிவிட்டாள்.

"மொதல்ல நான் பாக்கறேன். ஓட்டு."

ஏரிக்கரை வரை போய்த் திரும்பினார்கள். கௌரியம்மாள் அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கூவிக்கொண்டே வந்தாள். வீடு வந்ததும், "இன்னொரு சுத்து" என்றாள். இன்னொரு சுற்றுக்குப் பிறகு எதிர்வீட்டுக்காரி பார்க்கவில்லை என்று மூன்றாவது சுற்று. அவள் இறங்கியபோது மணி நாலரையைத் தாண்டிவிட்டது. ராஜவேலுவுக்கு வியர்த்துக் கொட்டியது.

பஸ் ஸ்டாப்பில் பஸ் இல்லை. கோமளவல்லி சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், அவன் ஒரு காலைத் தரையில் ஊன்றிக் காத்திருந்தான். காப்பிக்கடை கடிகாரத்தில் நாலு ஐம்பது ஆயிற்று. திருத்தணி எட்டு மைல். நாலு ஐம்பத்தைந்துக்கு பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது.

ஜன்னல் ஜன்னலாக அவள் பார்த்தாள். அன்றைக்கு இருந்த ஒரு முகம்கூட இல்லை. எல்லாம் புது ஆட்கள், தூங்கி வழிகிறவர்கள், திருப்பதி லட்டைப் பிரித்துத் தின்கிறவர்கள். அவளை ஒருவரும் கவனிக்கவில்லை. அவள் முகம் வாடியதை ராஜவேலு கண்ணாடியில் பார்த்தான். பார்த்ததும் வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டு, பஸ்ஸின் படியில் ஏறி நின்றான்.

"ஐயா, எல்லாரும் கொஞ்சம் இப்படி பாருங்க. போன ஞாயித்துக்கெழம அதோ அந்த சீட்டு ஒடஞ்சு என் பொண்டாட்டி இங்க வுழுந்துட்டா. அவ கனத்துக்கு ஒடஞ்சுதுன்னு ஒருத்தர் சொன்னாரு. அது தப்புங்க. ரெண்டு ஓட்ட நான் தப்பா போட்டேன். அதால ஒடஞ்சுது. ஒடச்சதும் நான், சிரிச்சதும் நான். இப்போ சரியா போட்டிருக்கேன். பாருங்க, அவ உக்காந்துகினு இருக்கறா."

பஸ் திகைத்துப்போயிற்று. லட்டு வாயோடு நின்றது. எல்லோரும் ஜன்னல் வழியே தலையை நீட்டி, சிவப்புச் சீட்டில் ராணி போல உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தார்கள்.

கண்டக்டர், "சரிப்பா, அதுக்கு இன்னா இப்போ? எறங்கு" என்றார்.

கோமளவல்லி சிரித்தாள். ஆறு நாளாகச் சேர்த்து வைத்திருந்த சிரிப்பு அது, முழுசாக, பக்கத்துத் தெருவுக்குக் கேட்கிற மாதிரி. ஏன் என்று தெரியாமலே பஸ்ஸும் சிரித்தது. ராஜவேலு மட்டும் உதட்டை இறுக்கிக்கொண்டு திரும்பி வந்தான்.

"இப்போ நீயும் சிரிக்கலாம் பாவா" என்றாள் அவள். "ஆனா ஓட்டிகினே சிரி. ஆடி வந்துகினு இருக்குது."